ஒகனாகன் கவுண்டியில் நிலம் பார்த்தல்: நீர், நெருப்பு, பழைய தோட்ட மண்

நகரத்திலிருந்து எத்தனை மைல் தள்ளி இருக்கிறது, சதுர மைலுக்கு எத்தனை பேர் வசிக்கிறார்கள், ஏக்கர் என்ன விலைக்குப் போகிறது என்ற மூன்று எண்களைக் கொண்டே ஒரு கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) தற்சார்பு வாழ்க்கைக்கு உகந்ததா என்று தீர்ப்பு எழுதிவிடும் வழக்கம் அமெரிக்காவில் நன்றாக வேரூன்றிவிட்டது. 2011 முதல் ஐடஹோ, மான்டானா, வயோமிங் ஆகிய மாநிலங்களையும் வாஷிங்டன், ஆரெகன் மாநிலங்களின் கிழக்குப் பகுதிகளையும் சேர்த்து ‘அமெரிக்கன் ரிடவுட்’ என்று அழைத்து, கெட்ட காலம் வந்தால் ஒதுங்குவதற்கு அதுவே தக்க இடம் என்று சொல்வோர் பெருகியிருக்கிறார்கள். சியாட்டிலின் கிழக்குப் புறநகரில் வசிக்கும் நாங்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் காய்கறியும் கோழியும் வளர்த்துக்கொண்டு, கடை மூடினாலும் மின்சாரம் போனாலும் சில வாரங்கள் பதறாமல் இருக்கக்கூடிய ஓர் இடத்தைத் தேடத் தொடங்கியபோது, அந்த வட்டத்துக்குள் வரும் ஒகனாகன் கவுண்டிதான் முதலில் கண்ணில் பட்டது. அங்கே நிலம் பார்த்து வருவதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. ஓர் இடத்தை அதன் சராசரி ஆண்டைக் கொண்டு எடை போடக் கூடாது. அண்மைக் காலத்தில் அது கண்ட மிக மோசமான மாதத்தை எடுத்துக்கொண்டு, அந்த மாதத்தில் நாம் வாங்க நினைக்கும் அதே காணியில் குடியிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க வேண்டும்.

கவுண்டியைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டன் மாநிலத்தின் வடக்கு விளிம்பில், கனடா எல்லையை ஒட்டி, மாநிலத்திலேயே பரப்பில் பெரிய கவுண்டி இது. சுமார் 13,600 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதில் 2020 கணக்கெடுப்பின்படி வசிப்பவர்கள் சுமார் 42,000 பேர்தான். ஆனால் இந்த எண்ணைப் பார்த்து ஆளுக்கு இத்தனை ஏக்கர் என்று வகுத்துப் பார்ப்பதில் பொருளில்லை. மேற்கே காஸ்கேட் மலைத்தொடரின் தேசியக் காடுகள், தென்கிழக்கே கால்வில் பழங்குடிக் கூட்டமைப்பின் ஒதுக்கீட்டு நிலம், இடையிடையே மாநில அரசின் நிலம் என்று பெரும்பகுதி விற்பனைக்கு வராதது. மக்கள் வாழ்வது ஒகனாகன் ஆறு, மெத்தாவ் ஆறு, இரண்டும் சென்று சேரும் கொலம்பியா ஆறு ஆகியவற்றின் ஒடுங்கிய பள்ளத்தாக்குகளில். ஓமாக், டொனாஸ்கெட், ப்ரூஸ்டர், ட்விஸ்ப், வின்த்ரோப் என்று ஊர்கள் எல்லாம் ஆற்றங்கரையில்தான் இருக்கின்றன. மழை மறைவுப் பிரதேசம் என்பதே அதற்குக் காரணம். சியாட்டிலில் பெய்யும் மழையைக் காஸ்கேட் மலை தடுத்துவிட, ஓமாக்கில் ஆண்டு முழுவதும் விழுவது ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். அதிலும் கணிசமான பங்கு பனியாக விழுகிறது, ஜூலையிலும் ஆகஸ்டிலும் வானம் அநேகமாக ஒன்றும் தருவதில்லை.

ராமநாதபுரத்துக்காரனுக்கு இந்த வறட்சி அந்நியமல்ல. அந்நியமாகப் பட்டது தண்ணீரைப் பற்றிய சட்டம்தான். மேற்கு மாநிலங்களில் நிலம் வாங்கினால் அதன் மேல் ஓடும் தண்ணீரும் கூடவே வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை. அடுத்து வந்தவருக்கு மீதி. வறட்சி வந்தால் கடைசியாக வந்தவரின் மடை முதலில் அடைக்கப்படும். வாஷிங்டன் மாநிலம் இதை 1917-இலேயே சட்டமாக்கிவிட்டது. தக்க காரணமின்றி தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்டால் உரிமையே பறிபோகலாம் என்பதால், ‘நீருரிமையுடன் கூடிய 20 ஏக்கர்’ என்று விளம்பரத்தில் பார்த்தவுடன் மகிழாமல், கடைசியாக எந்த ஆண்டில் எவ்வளவு நீர் பாய்ச்சினார்கள் என்பதற்கான தடயத்தைக் கேட்க வேண்டும். ஆற்றில் நீரோட்டம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் பாசனத்தை நிறுத்தும்படி மெத்தாவ், ஒகனாகன் ஆற்றுப்படுகைகளின் பிற்கால உரிமையாளர்களுக்கு அறிவிப்பு வருவது இங்கே வாடிக்கை.

வீட்டுக் கிணற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. வீட்டுத் தேவைக்கு நாளொன்றுக்கு 5,000 கேலன் வரை, அதாவது சுமார் 19,000 லிட்டர் வரை, அனுமதிப் பத்திரம் இல்லாமலே எடுக்கலாம். விற்பனைக்கல்லாத அரை ஏக்கர் தோட்டத்துக்கும் பாய்ச்சலாம். தற்சார்பு ஆர்வலர்கள் பெரும்பாலும் இந்த ஒற்றை வரியைப் படித்துவிட்டு நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 2016-இல் வாட்கம் கவுண்டி வழக்கில், புதிய வீட்டுக்கு அனுமதி தருமுன் அதன் கிணறு ஆற்றின் நீரோட்டத்தைக் குறைக்குமா என்று கவுண்டியே ஆராய வேண்டும் என்று தீர்ப்பளித்ததும், கிராமப்புறங்களில் வீடு கட்டுவது பல இடங்களில் தடைப்பட்டு, 2018-இல் புதுச் சட்டம் வந்த பிறகே வழி பிறந்ததும் அவர்கள் கவனத்துக்கு வருவதில்லை. மெத்தாவ் படுகையில் 1976-இலிருந்தே தனி விதி இருக்கிறது. ஆற்றை ஏழு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனி வீடுகளுக்கும் கால்நடைக்குமாக நொடிக்கு இரண்டு கன அடி நீரை மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். சில கிளையோடைகள் புதிய பயன்பாட்டுக்கு மூடப்பட்டும் உள்ளன. ஆகவே ஒரே கவுண்டியில், ஒரே விலையில், அருகருகே கிடக்கும் இரண்டு காணிகளில் ஒன்றில் கிணறு தோண்டலாம், மற்றொன்றில் தோண்ட முடியாது என்ற நிலை உண்டு.

சட்டம் அனுமதித்தாலும் பாறை அனுமதிக்க வேண்டும் அல்லவா? கிணறு தோண்டுபவர்கள் தாக்கல் செய்யும் பதிவுத்தாள்களை மாநிலச் சூழலியல் துறை பொதுவில் வைத்திருக்கிறது. நிலத்தைப் போய்ப் பார்ப்பதற்கு முன் அண்டைக் காணிகளின் தாள்களைப் படிப்பதே முறை. டொனாஸ்கெட்டுக்குக் கிழக்கே மேட்டு நிலத்தில் நாங்கள் பார்த்த ஒரு காணியை அடுத்த கிணற்றின் தாள் இப்படி இருந்தது: மேலே சில அடி மணலும் சரளையும், அதற்குக் கீழே கருங்கல், கருங்கல், மீண்டும் கருங்கல், 400 அடி போட்டபின் நிமிடத்துக்கு அரை கேலன் ஊற்று. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு அரை கேலன் என்றால் நாள் முழுக்க இறைத்தாலும் 2,700 லிட்டர்தான். அரை ஏக்கர் தோட்டத்துக்கு வாரம் ஓர் அங்குலம் நீர் என்று கருமித்தனமாகக் கணக்கிட்டாலே நாளைக்கு 7,300 லிட்டர் வேண்டும். ஜூலை வெயிலில் அது போதவும் போதாது. சட்டம் 19,000 தருகிறது, தோட்டம் 7,300 கேட்கிறது, பாறை 2,700 கொடுக்கிறது. கூரை நீரைப் பிடிக்கலாமே என்றால், 2009 முதல் இந்த மாநிலத்தில் அதற்குத் தடையில்லை. கொலராடோவில் 2016 வரை பெரும்பாலான வீடுகளுக்கு அதுவும் சட்டவிரோதம், இப்போதும் இரண்டு பீப்பாய்க்குத்தான் அனுமதி. ஆனால் 100 சதுர மீட்டர் கூரையில் இங்கே ஆண்டு முழுவதும் விழுவது 30,000 லிட்டர். மேற்படித் தோட்டத்துக்கு நான்கு நாள் தண்ணீர்.

அப்படியானால் மேட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்குக்கு இறங்குவதுதானே என்று தோன்றும். இங்கே பாசன மாவட்டங்கள், அதாவது வயல்களுக்கு நீர் பகிர்ந்தளிக்கும் உள்ளூர் அமைப்புகள், பழமையானவை. கூட்டரசின் நீர்ப்பாசனத் திட்டங்களில் மிக முந்தையவற்றுள் ஒன்றாகிய கான்கனல்லி அணை 1910-இல் கட்டி முடிக்கப்பட்டது. பாசன மாவட்டத்துக்குள் அடங்கிய நிலத்துக்கு, ஆண்டுதோறும் ஏக்கர் கணக்கில் கட்டணம் செலுத்தினால், வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் வரை நீர் வரும். மண்ணும் நல்ல வண்டல். வெப்பமும் மேட்டைவிட நீண்ட நாட்கள் நிற்பதால் தக்காளி பழுக்கும், பூசணி முற்றும். ஆனால் நீர் பாய்ந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் ஆப்பிள் தோட்டம். ஆப்பிளைத் துளைக்கும் புழுவை ஒழிப்பதற்காக, ஏறத்தாழ 1900-களின் தொடக்கத்திலிருந்து 1940-களின் இறுதியில் டிடிடி வரும்வரை, மத்திய வாஷிங்டன் முழுவதும் ஈய ஆர்சனேட் என்ற மருந்தைப் பருவத்துக்குப் பலமுறை அடித்தார்கள். ஈயமும் ஆர்சனிக்கும் மட்கிப் போகிற பொருள்களல்ல. மழை குறைந்த ஊரில் அவை கீழே கரைந்து இறங்குவதும் இல்லை. மரங்களை வேரோடு பிடுங்கி எழுபது ஆண்டுகள் ஆன இடத்திலும், குழந்தை விளையாடுகிற, நாம் கேரட் விதைக்கிற அதே மேல்மண்ணில் அவை இருக்கின்றன. மாநிலத்தின் தூய்மைப்படுத்தும் வரம்பு கிலோ மண்ணுக்கு ஆர்சனிக் 20 மில்லிகிராம், ஈயம் 250 மில்லிகிராம். பழைய தோட்டங்கள் பலவற்றின் மண் இந்த வரம்பைத் தாண்டுகிறது. பழைய தோட்டங்கள் இருந்த இடங்களைக் காட்டும் வரைபடத்தைச் சூழலியல் துறையே வெளியிட்டிருக்கிறது.

தற்சார்புக்கான இடங்களைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல் எதிலும் இதை நான் பார்க்கவில்லை. கவுண்டி அளவில் பார்த்தால் நீருக்கு ஒரு மதிப்பெண், மண்ணுக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியே போட்டுக் கூட்டிவிடலாம். காணி அளவில் பார்த்தால்தான், நீர் உள்ள இடத்தில் மண் கெட்டிருப்பதும், மண் தூய்மையான இடத்தில் நீர் இல்லாததும் தெரிகிறது. கெட்ட மண்ணுக்கு மாற்று இல்லாமலில்லை. வெளியிலிருந்து மண் கொண்டுவந்து உயர்த்திய பாத்தி கட்டலாம். நச்சைக் குறைவாகவே பழத்தில் ஏற்றும் மரவகைகளை வைத்துக்கொண்டு கிழங்குகளைத் தவிர்க்கலாம். கோழிகளை வெறும் மண்ணைக் கிளற விடாமல் வைத்திருக்கலாம். எல்லாம் செலவு, ஆனால் தாங்கக்கூடிய செலவுதான்.

இனி நான் சொன்ன அந்த மோசமான மாதம். 2014 ஜூலை 14 அன்று மெத்தாவ் பள்ளத்தாக்கின் மேலே மின்னல் தாக்கிச் சில இடங்களில் தீப்பற்றியது. ஜூலை 17 அன்று எழுந்த காற்றில் அவை விரிந்து ஒன்றோடொன்று சேர்ந்து, மாலைக்குள் கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கும் பட்டேரஸ் ஊருக்குள் நுழைந்தன. கார்ல்டன் காம்ப்ளெக்ஸ் என்று பெயர் பெற்ற அந்தத் தீ அடங்கியபோது 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் எரிந்து, முந்நூறுக்கும் அதிகமான வீடுகள் சாம்பலாகியிருந்தன. மின்கம்பங்கள் எரிந்துபோனதால் பள்ளத்தாக்கு பல நாட்கள் இருளில் கிடந்தது. மின்சாரம் போனால் விளக்கு அணைவது பெரிய துன்பமில்லை. ஆழ்துளைக் கிணற்றின் பம்பு நின்றுவிடுகிறது, தீயை எதிர்க்க வேண்டிய வேளையில் குழாயில் நீர் வருவதில்லை. ஆற்றிலிருந்து பம்பு செய்து பாசன நீர் அனுப்பும் பகுதிகளிலும் இதே கதைதான். இத்தோடு முடியவில்லை. ஆகஸ்ட் 21 அன்று எரிந்த மலைச்சரிவுகளில் இடியுடன் பெய்த மழை, பிடித்துக்கொள்ள வேர் எதுவும் இல்லாத மண்ணை அடித்துக்கொண்டு வந்து, பென்சன் ஓடையருகே வீடுகளையும் நெடுஞ்சாலையையும் சேற்றில் மூழ்கடித்தது. தீயில் தப்பிய சிலர் வெள்ளத்தில் சிக்கினார்கள். மறு ஆண்டு 2015 ஆகஸ்டில் ஒகனாகன் காம்ப்ளெக்ஸ் தீ முந்தையதன் பரப்பையும் மிஞ்சியது. ட்விஸ்ப் அருகே வனத்துறையின் தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். 2020-இலும் 2021-இலும் மீண்டும் பெருந்தீ. இப்படித் திரும்பத் திரும்ப வருவதை அபூர்வமான பேரிடர் என்று கணக்கில் எழுதுவது தவறு, இது பருவம்.

தீக்குப் பின் நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. வீடிழந்த தனிமனிதர்களுக்கான கூட்டரசு உதவி மறுக்கப்பட்டது. சாலை, மின்கம்பம் போன்ற பொதுக் கட்டமைப்புக்குத்தான் பணம் வந்தது. காப்பீடு இல்லாதவர்களும் போதாத காப்பீடு உள்ளவர்களும் நிறைய. அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தது உள்ளூர்க்காரர்கள் கூடி அமைத்த நீண்டகால மீட்புக் குழுவும், வெளியூர்களிலிருந்து வந்து தச்சு வேலை பார்த்த, மென்னனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த தொண்டர்களும். ஆள் இல்லாத இடமே பாதுகாப்பான இடம் என்று கருதுபவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும். ட்விஸ்ப் சந்தையில் பேச்சுக் கொடுத்த ஒரு மூதாட்டி, 1970-களில் மண்ணோடு வாழ வேண்டும் என்று டொனாஸ்கெட் பக்கம் வந்து குடியேறிய இளைஞர்களில் ஒருவர், தன் பதுங்கறையில் எத்தனை மாத உணவு இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், தீ வந்த இரவில் தன் ஆடுகளை ஏற்றிச் செல்ல வண்டி கொண்டுவந்தவர் யார் என்பதையே நீளமாகச் சொன்னார். அந்தத் தலைமுறை தொடங்கிய பண்டமாற்றுச் சந்தை இன்றும் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் டொனாஸ்கெட் அருகே கூடுகிறது. துப்பாக்கி, முள்வேலி, தப்பியோடி வரும் நகரத்துக் கும்பல் பற்றிய கற்பனைகளை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அவற்றுக்கு ஏற்கெனவே தேவைக்கு மேல் பக்கங்கள் செலவாகிவிட்டன.

குளிர்காலம் கடினம், ஆனால் முன்கூட்டியே தெரிகிற கடினம். மாநிலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை, மைனஸ் 44 டிகிரி செல்சியஸ், 1968 டிசம்பரில் வின்த்ரோப்பிலும் மசாமாவிலும் பதிவானது. சியாட்டில் பக்கம் வருவதற்கான நேர்வழியாகிய 20-ஆம் எண் நெடுஞ்சாலை, பனிச்சரிவு அபாயத்தால் பொதுவாக நவம்பரிலிருந்து ஏப்ரல் அல்லது மே வரை மலைமேல் மூடப்பட்டிருக்கும். டிசம்பர் நடுவில் நண்பகல் சூரியன் தொடுவானத்துக்கு மேல் 18 டிகிரிதான் எழுகிறது, பகல் எட்டேகால் மணி நேரம்; பள்ளத்தாக்கில் மேகம் மூடிக்கொண்டால் அதுவும் இல்லை. சூரியத் தகடுகளை மட்டும் நம்பி இங்கே குளிர்காலத்தைக் கடக்க முடியாது. விறகு உண்டு. உள்ளூர்க்காரர்கள் டமரேக் என்று அழைக்கும் லார்ச் மரம் இலையுதிர்க்கும் ஊசியிலை மரம். நின்றபடியே காய்ந்த டமரேக்கைப் போல் எரிவது வேறில்லை என்பார்கள். தேசியக் காட்டில் விறகு வெட்ட அனுமதிச் சீட்டு வாங்கலாம். வெட்டுவதற்கு முதுகு வேண்டும் என்பதையும், அறுபதில் இருக்கும் முதுகு எழுபதில் இருக்காது என்பதையும் கணக்கில் சேர்க்கிறேன்.

உணவைப் பற்றி என் மனைவிக்கு ஒரே கேள்விதான்: “எல்லாம் சரி, கறிவேப்பிலைக்கு என்ன பண்ணுவீங்க?” தொட்டியில் வைத்து, மாதக்கணக்கில் சன்னல் ஓரத்தில் காப்பாற்ற வேண்டும். அரிசி வராது, துவரை வராது. ஆனால் மாநிலத்தின் தென்கிழக்கே பலூஸ் மேட்டில் கொண்டைக்கடலையும் மைசூர்ப் பருப்பும் ஏராளமாக விளைகின்றன. ஆற்றுக்கு அக்கரையில் டக்ளஸ் கவுண்டியில் மானாவாரிக் கோதுமை. நம் தோட்டத்தில் உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூசணி, வெங்காயம் ஆகும், மான்களைத் தடுக்க எட்டடி உயர வேலி போட்டால். கவுண்டி முழுவதும் ஆப்பிளும் செர்ரியும் குவிந்து கிடந்தாலும் அவை வெளியூருக்கு ஏற்றுமதி ஆகிறவை. லாரி ஓடாத வாரத்தில் ஒகனாகன்காரர்களுக்கு ஆப்பிள் மிதமிஞ்சி இருக்கும், மாவு இருக்காது. வீட்டில் இரண்டு வாரத்துக்கான உணவும் நீரும் இருக்கட்டும் என்று மாநில அவசரகால மேலாண்மைப் பிரிவு சொல்வதை இங்கே குறைந்தபட்சமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவத்துக்கு ஓமாக், டொனாஸ்கெட், ப்ரூஸ்டர் ஆகிய மூன்று ஊர்களிலும் சிறு மருத்துவமனைகள் இருக்கின்றன. மாரடைப்புக்கும் பெருங்காயத்துக்கும் வெனாச்சிக்கோ ஸ்போக்கேனுக்கோ போக வேண்டும். புகை அடர்ந்த நாளில் ஹெலிகாப்டர் பறக்காது. புகையையே ஒரு நோயாகக் கருதலாம்: 2021-இல் மெத்தாவ் பள்ளத்தாக்கில் வாரக்கணக்கில் நின்ற புகையில் ஆஸ்துமா உள்ளவர்கள் ஊரை விட்டுத் தற்காலிகமாக வெளியேறினார்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கு இழுப்பு உண்டு என்பதால், மெத்தாவ் பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

எனவே 20 ஏக்கர் மேட்டு நிலத்தின் விலை மலிவில் எனக்கு மயக்கமில்லை. நாங்கள் இப்போது பேசிக்கொண்டிருப்பது டொனாஸ்கெட்டுக்குச் சற்றுத் தெற்கே, பாசன மாவட்டத்துக்குள் வரும், நான்கு ஏக்கருக்கும் குறைவான ஒரு காணி. தன்னார்வத் தீயணைப்பு நிலையம் அருகிலேயே இருக்கிறது; வீட்டுக்கு ஓட்டுக்குப் பதில் உலோகக் கூரை; கிணற்றில் நிலைநீர் மட்டம் கைப்பம்பு எட்டும் உயரத்தில் நிற்கிறது; அண்டை வீடுகள் கூப்பிடு தூரத்தில். காட்டுச்சரிவு நெருங்காத அளவுக்கு மேற்கே அல்பால்ஃபா என்ற தீவனப் பயிரின் வயல், அது கோடையிலும் பச்சையாக இருப்பதால் தீக்கு ஒரு தடுப்பு. 1940-களில் அங்கே ஆப்பிள் நின்றது என்பதை விற்பவரே மறைக்காமல் சொன்னார். காணியின் வெவ்வேறு மூலைகளிலிருந்து மண் எடுத்து ஆர்சனிக், ஈயச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். வரம்புக்குச் சற்று மேலே வந்தால் விலையைக் குறைத்துப் பாத்தி கட்டலாம்; பல மடங்கு மேலே வந்தால் வேண்டாம். நீர்ப்பங்கு இந்த நிலத்தோடு சேர்ந்ததுதான் என்பதற்குப் பாசன மாவட்டத்தின் எழுத்துச் சான்று, காட்டுத்தீயை விலக்காத வீட்டுக் காப்பீட்டுக்கான ஒப்புதல், மண் சோதனை முடிவு ஆகிய மூன்றில் எது தவறினாலும் முன்பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.